சோழவரம் ஓடுதளமும் ஃபார்முலா மாருதியும்

திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போருக்குப் பின் அதற்கு வேலை கொடுத்தவை பந்தயக் கார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை இங்கேதான் போட்டிகளை நடத்தியது.

அந்நாளில் அசல் பந்தயக் கார் என்றால் இறக்குமதிதான். வசதி படைத்தவர்களுக்கே கட்டுப்படியாகும். மற்றவர்கள் ஃபியட், ஹெரால்டு போன்ற சாலைக் கார்களில் தேவையற்றதைக் கழற்றி ஓட்டினார்கள். வழி சரியானதே. எடை குறைந்தால் முடுக்கம், பிரேக், வளைவில் செல்லும் வேகம் மூன்றும் ஒருசேர மேம்படும்; எஞ்சின் திறனை மட்டும் கூட்டினால் இது நடக்காது.

இந்த எண்ணத்தை முழு வடிவமாக்கியவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன். 1980-களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்தது. எஃகுக் குழாய்ச் சட்டகம், ஒற்றை இருக்கை, மூடப்படாத சக்கரங்கள், அவ்வளவுதான் கார். காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின் என்று சிரிக்கலாம். ஆனால் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது, அதுவே அதன் பெரும்பலம். ஃபார்முலா ஒன்னில் 2005-இல் பந்தயமோட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் இந்த வகைக் காரில்தான்.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப்படுகிறது.