ஆத்து மணல் ஏன் ஒரே பக்கம் ஒதுங்குது? டீ கிளாஸில் இருக்கு கல்லணை ரகசியம்!

2018 ஆகஸ்ட் 22 இரவு. திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 9 மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. 1836-ல் கட்டிய அணை அது. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். இல்லை, அணைக்கு வயசாகிவிட்டது என்றது அரசு.

அந்த வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருதுன்னு தினமும் கன அடி கணக்கில் நியூஸ் போடுறோம். கூடவே வரும் மணல் எங்கே போகுதுன்னு யாரும் கேட்பதில்லை. (எங்க டெஸ்க்கையும் சேர்த்துதான்.)

டீத்தூள் சொல்லும் பாடம்

டீயை ஸ்பூனால் நல்லா கலக்கிட்டு நிறுத்துங்க. அடியில் கிடக்கும் தூள் ஓரத்துக்கு ஒதுங்கும்னுதான் தோணும். ஆனால் நடுவில் வந்து குவியும்! ஏன்?

தண்ணீர் சுற்றும்போது ஓரத்தில் நீர்மட்டம் லேசாக உயரும். அதனால் அங்கே அழுத்தம் அதிகம். மேல்தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுத்துவிடும். அடித்தண்ணீரோ கிளாஸின் அடியில் உராய்ந்து வேகம் இழந்திருக்கும். தாக்குப்பிடிக்க முடியாமல் நடுவை நோக்கி ஓடும். போகும்போது தூளையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதை வைத்து ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்று 1926-ல் கட்டுரை எழுதியவர் வேறு யாருமில்லை, ஐன்ஸ்டீன்தான்.

ஆறு வளையும் இடத்திலும் இதே கதைதான். மேல்தண்ணீர் வெளிக்கரையில் மோதி அதை அறுக்கும். அடித்தண்ணீர் மணலோடு உள்கரைக்கு நகரும். தண்ணீர் திருகாணி மாதிரி சுழன்றபடியே முன்னேறும். ஒரு கரையில் படுகை நிலம் வளர, எதிர்க்கரையில் தோப்பு சரிவது இதனால்தான். வாய்க்கால் தலைப்பை வெளிவளைவில் வைத்தால் மணல் குறைவான தண்ணீர் கிடைக்கும் என்பதும் இதிலிருந்து வரும் கணக்குதான்.

கல்லணை ஏன் நேராக இல்லை?

ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிப் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணை அருகே மறுபடி நெருங்கி வரும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். சும்மா விட்டால் காவிரித் தண்ணீர் அதில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும். தஞ்சைக்கு மிச்சம் இருக்காது.

அங்கேதான் கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை நிற்கிறது. சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். குறைந்த தண்ணீரை காவிரியிலேயே நிறுத்தும். வெள்ளம் வந்தால் தன் மேலேயே வழிந்து கொள்ளிடத்துக்குப் போக விடும். பழைய அணை வளைந்தும் சரிந்தும் இருந்தது. அந்த வடிவம் தற்செயலானது அல்ல, வெள்ளத்தையும் மணலையும் சேர்த்துக் கையாளத்தான் என்று டெல்லி ஐஐடியின் சித்ரா கிருஷ்ணனும், பாய்ம இயந்திரவியல் பேராசிரியர் ஸ்ரீநிவாஸ் வீரவல்லியும் தங்கள் ஆய்வில் வாதிட்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலால் மேடேறி, டெல்டாவுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல் போக்கி மதகுகள் வைத்தார், பிறகு மேலணையையும் கட்டினார். விளைவு? இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரித்தது. அதைத் தடுக்க காவிரியின் தலைப்பிலும் ஓர் அணை தேவைப்பட்டது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையில்தான் கற்றதாக காட்டன் பின்னாளில் எழுதினார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணை எழுந்தது அந்தப் பாடத்தில்தான்.

இப்போ என்ன பிரச்சினை?

1934-ல் மேட்டூர் வந்தது. மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. மணல் இல்லாமல் இறங்கும் தண்ணீருக்கு அரிக்கும் சக்தி அதிகம். போகிற வழியில் படுகையிலிருந்தே மணலை எடுத்துக்கொள்ளும். இதோடு லாரிகளும் அள்ளினால் படுகை இன்னும் கீழே இறங்கும். அணை, பாலத்தின் அஸ்திவாரங்களைப் பிடித்திருக்கும் மணல் குறையும். கடலோரப் பக்கம் உப்புத்தண்ணீர் ஆற்றில் ஏறுவதும் சுலபமாகும்.

முக்கொம்பில் உடைந்த அணைக்குப் பதிலாகப் புது கதவணை கட்டியாச்சு. அடுத்தமுறை கொள்ளிடம் பாலத்தில் போகும்போது தண்ணீரை மட்டும் பார்க்காதீங்க, தூண்களின் அடிப்பகுதியையும் பாருங்க. மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய அஸ்திவாரம் வெளியே தெரிந்தால், அந்த இடத்தில் ஆறு அவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கு.