எலுமிச்சை, சர்க்கரை, சாராயம்

விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. இதுதான் 'விஸ்கி சவர்'. 1870-இல் அமெரிக்கப் பத்திரிகையில் பெயர் அச்சேறிவிட்டது. ஆனால் அதன் முன்னோடியான 'பஞ்ச்' 1632-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவரின் கடிதத்தில் வருகிறது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து சேர்வதால் 'பஞ்ச' என்பார்கள். ஆக, சரக்கு நம்ம பக்கத்துடையதுதான்!

சர்க்கரைக்கு அலங்காநல்லூரில் கூட்டுறவு ஆலையே இயங்கி வந்தது. ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வரும் சாராயம்தான் இந்திய விஸ்கி பலவற்றின் அடிப்படை. ஐரோப்பியச் சட்டப்படி அது விஸ்கியே அல்ல.

வீட்டில் சரக்கு தயாரிப்பதற்கு இங்கே அர்த்தமே வேறு. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபின் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய பானைகள் தோட்டங்களில் புதைந்தன. 1971-இல் கடைகள் திறந்தும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். குடிப்பவன் நாக்குக்கு அது தெரியாது.