சிறுவாடு: கேட்காமல் செலவழிக்கும் காசு

கோழி முட்டையும் மோரும் விற்ற காசு, களையெடுத்த கூலியில் ஒதுக்கியது, மளிகைக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. வீட்டுக் கணக்கில் சேராமல் பெண்கள் சேர்க்கும் இந்தச் சிறுதொகைக்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர்.

சிறுபாடு என்பதே சிறுவாடு ஆயிற்று. கோபம் பேச்சில் கோவம் ஆவதுபோல் இங்கும் பகரம் வகரமாகிவிட்டது. பாடு, ‘படு’ என்னும் வினையில் பிறந்த பெயர். உழைப்பையும் குறிக்கும், உழைப்பில் கிடைத்ததையும் குறிக்கும். பாடுபடுகிறோம்; வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறோம்; கடற்கரையில் வலையில் கிடைத்த மீனையும் பாடு என்கிறார்கள். சிறுதேட்டு என்றும் ஒரு சொல் உண்டு. தேடிச் சேர்த்தது தேட்டு. இரண்டு சொல்லிலும் உழைப்பு இருக்கிறது, தேடல் இருக்கிறது, ஒளிவு இல்லை. கடுகு டப்பாவுக்கும் அரிசிப் பானைக்கும் அந்தக் காசை அனுப்பியது, பெண் ஈட்டியதற்கும் அவளிடமே கணக்குக் கேட்ட வீடு.

கையில் ஐந்நூறு ரூபாய் இருந்தால் பெரிய அதிகாரம் வந்துவிடுமா? வரும். மகளுக்கு நோட்டு வாங்க, தாய்வீட்டுச் சாவுக்குப் பஸ் ஏற, காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சிறுவாட்டின் மதிப்பு தொகையில் இல்லை. யாரையும் கேட்க வேண்டாம் என்பதில் இருக்கிறது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இந்தக் காசு வெளியே வந்தது. சில்லறையை ஒளிப்பது கடினம் என்பதால் கடையில் கொடுத்து ஐந்நூறாக மாற்றி மடித்து வைத்திருந்தவர்கள் பலர். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அதைக் கணவன் கையிலோ மகன் கையிலோ கொடுக்க வேண்டியதாயிற்று. நோட்டு மாறியது, காசு யாருடையது என்பதும் மாறிப்போனது. அப்போது இல்லத்தரசிகள் வங்கியில் செலுத்திய இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான சேமிப்பைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளக்கூடாது என்று, 2021-இல் ஆக்ராவின் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. பெண்ணின் சிறுசேமிப்பு ஐயத்துக்குரிய பணமல்ல என்பதைச் சட்டத்தின் வாயால் கேட்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் செலுத்தத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பெயரில் உரிமை என்ற சொல் இருப்பது சரியே. ஆனால் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் வேறொருவர் சட்டைப் பையில் இருக்கும்வரை அது அவள் பாடாகாது. ஒரு வீட்டில் பெண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் என்று அறிய, வருமானத்தை எண்ண வேண்டியதில்லை. யாருக்கும் கணக்குச் சொல்லாமல் அவள் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டால் போதும்.