ராசா காடு

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால், சாமி கும்பிட்டது போக முன்பு இன்னொரு காட்சியும் இருந்தது. சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் தர்பாரில் உட்கார்ந்திருப்பார். ஜமீன் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், கூட்டம் அவரை 'ராசா' என்றே கும்பிட்டது. சின்ன வயதில் தாத்தா தோளில் இருந்தபடி நானும் பார்த்திருக்கிறேன். "எல, இந்த மலையெல்லாம் யாருக்குன்னு நெனச்ச? நம்ம ராசாவுக்குல்லா" என்பார் தாத்தா. அப்போது அது அரசாங்கக் காடாகி வெகுகாலம் ஆகியிருந்தது. தாத்தாவுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய மலை எப்படி வந்தது? ஜமீன் தரப்பில் சொல்லப்படும் கதை இது: திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவுக்கு ஆதரவாகச் சிங்கம்பட்டிப் படை சண்டைக்குப் போனது, அதில் இளவரசர் ஒருவர் செத்துப்போனார், அந்த நன்றிக்கு ஈடாக மலை வந்தது. 74,000 ஏக்கர் என்பார்கள். கதையில் எவ்வளவு சரியோ, மலை மட்டும் துண்டுபடாமல் ஒரே கையில் இருந்தது நிஜம்.

அதில் முதல் ஓட்டை 1929ல் விழுந்தது. 8,373 ஏக்கர் சொச்சத்தை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். பர்மாவில் தேக்கு வெட்டி வளர்ந்த கம்பெனி அது. 1885ல் ஆங்கிலேயர் பர்மா மீது படையெடுக்கச் சாக்காக இருந்ததே இந்தக் கம்பெனிக்குப் போட்ட அபராதம்தான். அவர்கள் இங்கே காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி வந்த எஸ்டேட்டுகள். மழைக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு நாலுமுக்கும் ஊத்தும் மனப்பாடமான பெயர்கள்.

ஏன் விட்டார்கள் என்பதற்கு ஊரில் ஒரே பதில்தான்: கொலைக்கேஸ். 1919ல் சென்னையில் மைனர் ஜமீன்தார்கள் படித்த நியூயிங்டன் விடுதியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர் மைனர் குற்றவாளிக் கூண்டில் நின்றார், சிங்கம்பட்டி மைனர் அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, கடம்பூர் மைனர் விடுதலையானார். அந்தச் செலவில் பட்ட கடனுக்காகத்தான் மலை போச்சு என்பது பேச்சு. எனக்கு முழுசாக ஒப்பவில்லை. வழக்கு முடிந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் குத்தகை. கடன்பட்ட ஜமீனும் அன்றைக்கு அதிசயமில்லை.

குத்தகையை விடப் பெரிய கண்டம் சுதந்திரத்தையொட்டி வந்தது. ஜமீன் ஒழிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், போகிற காட்டில் கிடைக்கிற வரை லாபம் என்று மரங்களை வெட்டித் தள்ளுகிற வேகம் மாகாணம் முழுக்கக் கிளம்பியது. அதைத் தடுக்க வந்ததுதான் 1949ன் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். சொந்தக் காடாகவே இருந்தாலும் விற்கவோ மரம் வெட்டவோ கலெக்டர் அனுமதி வேண்டும் என்றது. யாரும் பெரிதாகக் கொண்டாடாத சட்டம். ஒழிப்புச் சட்டம் 1948ல் வந்தாலும் சிங்கம்பட்டி அரசின் கைக்குப் போனது 1952ல்தான். அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று நினைத்தால் பகீரென்கிறது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1962ல் முண்டந்துறை சரணாலயம், 1976ல் சோலைமந்திக்காகக் களக்காடு, 1988ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஜமீன் காடு 2018ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. தாமிரபரணியும் மணிமுத்தாறும் கோடையில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தருவது இந்த மலை இருப்பதால்தான். காடு காடாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த ஓட்டைக்குள் மனிதர்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சமவெளியிலிருந்து போன தலித் குடும்பங்கள். அட்டைக்கடியிலும் மழையிலும் நாலு தலைமுறை இலை பறித்தார்கள். 1999 ஜூலை 23ல் அவர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். குத்தகை 2028ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024ல், விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கி இறங்கச் சொன்னார்கள். காடு ராசாவுடையது, தேயிலை கம்பெனியுடையது, இப்போது இரண்டும் அரசுடையது. இலை பறித்தவர்களுக்கு லயத்து வீடுகூடச் சொந்தமில்லை.

கவாத்து பண்ணாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். அதை எடுத்துச் சோலை மரம் வைத்துக் காடாக்க எத்தனையோ வருஷம் ஆகும், ஆளும் வேண்டும். அந்த வேலைக்கு மலையை அறிந்த இவர்களையே வைத்துக்கொள்ளலாமே என்று மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"காட்டக் காப்பாத்த வேண்டாம்னா சொல்லுதோம்? எங்க தாத்தாதான் வெட்டுனாரு, ஒத்துக்கிடுதேன். அவரு கையில கோடாலியக் குடுத்தது யாரு தம்பி?"