லயத்து வீட்டில் செவிச்செல்வம்

திருவள்ளுவர் கல்லாமையின் இழிவைக் கூறி முடித்தவுடனே ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். ஏடு பயில வாய்ப்பற்றவனும் கற்றோர் சொல்லக் கேட்டு அறிவு பெறலாம் என்பது அதன் அடிக்கருத்து. இவ்வைப்புமுறையின் சிறப்பை வகுப்பறையில் எடுத்துரைக்கும் தமிழாசிரியர், சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. மலேசியத் தோட்டப்புறத்தில் எழுத்தறியாத தாய்மாரும் தந்தைமாரும் பல்லாண்டுக் காலம் உலகத்தைச் செவிவழியாகவே அறிந்தனர். அவர்களுக்குக் கற்றோராய் நின்றது ஒரு பெட்டி. அது இசைத்தட்டுப் பெட்டியாக வந்தது, வானொலியாக மாறியது, பின்னர் ஒலிநாடாக் கருவியாயிற்று. அதனை ஆடம்பரம் என்று பழித்தவர் உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர் அவரினும் பலர். அதன் வரலாறு இவ்விரு தீர்ப்புகளுக்குள்ளும் அடங்குவதன்று.

சிலாங்கூர் ஆறு கடலை நெருங்கும் பகுதியில், கோலசிலாங்கூர் நகருக்குச் சற்று மேற்புறமாக, கம்போங் குவாந்தான் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூர் உள்ளது. கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் ஒருசேர மின்னும் மின்மினிகளால் அது புகழ் பெற்றது. அவற்றைக் காண வருவோரை இயந்திர ஒலியற்ற துடுப்புப் படகில் ஏற்றிச் செல்வர். அவ்வாற்றங்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் வழியில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பரந்திருந்தன. இவ்வட்டாரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே, தம் மலாயா அனுபவத்தை நாவலாக்கி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசினைப் பெற்றார். நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிர் 1917இல் நடப்பட்டதும் இங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேயே ஆகும். தோட்டத்தின் பெயரே தமிழ் என்பதை நோக்க வேண்டும்.

இத்தோட்டங்களில் காலம் தொழிலாளியின் கையில் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்து மணி ஒலித்தது. பால்மரம் குளிர்ந்த வேளையில்தான் நன்கு பால் சுரக்கும் ஆதலின், இருளிலேயே வெட்டுக்குப் புறப்பட்டனர். இடமும் அவர்கள் கையில் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு கோலசிலாங்கூர்ப் பகுதிக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு வேறு சிலவும் இருந்தன. துரைமாரின் எதிரே மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று; உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக விடவேண்டும் என்பது மற்றொன்று. உறவினன் வருவதற்கே போராட வேண்டியிருந்த எல்லைக்குள், வெளியுலகத்தின் குரல் எவ்வாறு நுழைந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

முதலில் வந்தது கைச்சாவி முறுக்கும் இசைத்தட்டுப் பெட்டி. அது கிராணியார் வீட்டிலோ கங்காணி வீட்டிலோ இருக்கும் பொருளேயன்றி லயத்தின் பொருளன்று. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். எஃகு ஊசி விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஊசி தட்டைக் கீறும். நாடகக் கதைகள் பல தட்டுகளாகப் பிரிக்கப்பட்டுத் தொகுப்பாக வந்தன. ஆகவே நாயகி அழுது முடிப்பதற்குள் தட்டைத் திருப்ப ஓர் ஆள் எழ வேண்டியிருந்தது. திண்ணையில் கங்காணியின் குடும்பமும் முற்றத்தில் ஏனையோருமாக அமர்ந்து கேட்கும் இவ்வரிசையில் தோட்டத்தின் படிநிலை அப்படியே தெரிந்தது.

வானொலி மலாயாவுக்கு 1921இல் ஜொகூரில் ஒரு பொறியாளரின் தனியார்வமாக வந்தது. சிங்கப்பூரில் பிரித்தானிய மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் நேசநாட்டுச் செய்தியைக் கேட்பதே குற்றமாயிற்று. பேராக் மாநிலத்துப் பாப்பானில் வானொலியை ஒளித்துவைத்து இலண்டன் செய்தி கேட்ட சிபில் கார்த்திகேசு, சிறைப்பட்டு வதையுண்டார். அதே வானலையில்தான் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் குரலும் ஒலித்தது. 1944 ஜூலை 6ஆம் நாள் காந்தியடிகளை நோக்கித் ‘தேசத் தந்தையே’ என அவர் விளித்தது வானொலி வாயிலாகவே ஆகும். கேட்பது என்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவும் ஒரு கொடியின்கீழ் நிற்கும் செயலாகவும் இருந்தமையை அத்தலைமுறை அறிந்திருந்தது.

1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி பிறந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பொதுமக்கள் கூடிக் கேட்கும் பெட்டிகளை அரசு புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் வைத்தது. காட்டிலிருந்த பொதுவுடைமையரின் பக்கம் மக்கள் சாயாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஏறத்தாழ அதே காலத்தில், 1949இல், ஆப்பிரிக்காவின் வட ரொடீசியாவிலும் காலனி அரசின் தகவல்துறைத் தலைவர் ஒருவர், சமையற்பாத்திர வடிவில் ஐந்து பவுன் விலைக்கு மின்கல வானொலி ஒன்றைச் செய்வித்துப் பரப்பினார். அரசுகளின் எண்ணம் எங்கும் ஒன்றுபோலவே இருந்தது. கேட்டவர்களின் எண்ணம் வேறாயிருந்தது. பிரசாரத்தைப் பொறுத்துக்கொண்டு பாட்டுக்காகக் காத்திருப்பது அன்றைய கேள்விக் கலையின் ஒரு பகுதி.

வீட்டில் வானொலி வைப்பது அந்நாளில் எளிதன்று. மின்சாரம் இல்லாத லயத்தில் வெற்றிடக் குழாய் வானொலிக்குக் கனத்த உலர்மின்கலம் வேண்டும். அல்லது காருக்குரிய மின்கலத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுசென்று மின்னேற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கூரைக்கு மேலே மூங்கிற்கழி நட்டு வான்கம்பி கட்ட வேண்டும். போதாக்குறைக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். மின்கலம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தால் எதைக் கேட்பது, எதை விடுவது என்று குடும்பமே கூடி முடிவு செய்தது. செய்திக்கும் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கும் மட்டுமே திறக்கப்பட்ட பெட்டி, ஏனைய நேரங்களில் பின்னல் துணியால் மூடப்பட்டிருக்கும். நாள் முழுதும் ஓயாது பேசும் பெட்டியைவிட அளந்து பேசிய அப்பெட்டிக்கே செவிகள் மிகுதியும் பணிந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

1950களின் நடுவில் உலகச் சந்தைக்கு வந்த டிரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றியது. கைப்பெட்டி அளவிலான கருவி, டார்ச் விளக்கின் மின்கலங்களால் வாரக்கணக்கில் பாடியது. 1959இல் மலாயா வானொலியின் தலைமையகம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. இனி தமிழ்ச் செய்தி, கோலசிலாங்கூர்த் தோட்டத்துக்குத் தன் சொந்த மாநிலத்திலிருந்தே வந்தது. இதன் பயனை 1969 மே 13க்குப் பிந்திய நாள்கள் காட்டின. ஊரடங்கு எப்போது தளர்கிறது, சாலை திறந்துள்ளதா என்பவற்றை அறிய வானொலியை விட்டால் வேறு வழியில்லை. அதனைத் தொடர்ந்து, குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தமிழர்க்கு அது வாழ்வா, கப்பலேறுவதா என்னும் வினாவாயிற்று. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ முதலிய நாளேடுகள் இவற்றை எழுதின. ஆனால் ஏட்டைப் படிக்க ஒருவர் வேண்டும். வானொலி படித்தே கொடுத்தது.

தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழக்குகள் லயத்தில் கலந்திருந்தன. அம்மழலைகள் பொதுத்தமிழைப் பள்ளிக்கு முன்னரே கேட்டது அறிவிப்பாளரின் வாயிலாகத்தான். ஒலிச்சித்திரங்களும் அவ்வாறே. ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களின் வசனங்களைக் கேட்டே மனப்பாடம் செய்து, பள்ளிக் கலைவிழா மேடையில் முழங்கிய சிறுவர் பலர். ழகர ளகர வேறுபாட்டைத் திருத்துவதில் ஆசிரியரின் பிரம்பும் அவ்வசனத்தட்டும் போட்டியிட்டன என்றால், வென்றது எது என்பதைக் கூறாமல் விடுவதே ஆசிரியர்க்கு மரியாதை.

இனி, பெட்டிக்கு உரியவர் யார் என்பது. பழைய வரிசை லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தடுப்பு, கூரையைத் தொடுவதில்லை. ஆகவே ஒரு வீட்டில் பாடியது ஒன்பது வீட்டில் கேட்டது. வாங்கியவர் ஒருவர், கேட்டவர் வரிசை முழுதும். இறப்பு நேர்ந்த வீட்டின் பக்கத்தில் பெட்டி ஊமையாயிற்று. அம்மன் திருவிழா நாளில் கோயிலின் ஒலிபெருக்கி எல்லாப் பெட்டிகளையும் ஊமையாக்கிற்று. விடியற்காலை வெட்டுக்கு எழவேண்டியவர்க்கும் இரவுப் பாட்டு விரும்பும் இளைஞர்க்கும் சச்சரவு எழுந்ததுண்டு. ஆயினும், உரிமை தனியாகவும் பயன் பொதுவாகவும் இருந்த ஒரே வீட்டுப்பொருள் இதுவே எனலாம்.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய காசெட் ஒலிநாடா 1970களில் தோட்டங்களை எட்டியது. இரட்டை ஒலிபெருக்கிகளோடு ‘ஹை-ஃபை’ என்னும் பெயர் தாங்கிய பெருங்கருவிகள் பின்தொடர்ந்தன. ஸ்டீரியோ முறையில் பாடல் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றான ‘பிரியா’ 1978இல் வந்தது. ஸ்டீரியோவின் நுட்பமாவது, இரு பெட்டிகளுக்கும் நடுவில் ஒருவர் அமர்ந்து கேட்பது. தோட்டத்திலோ ஒரு பெட்டி கூடத்தில் நின்றால் மற்றது வாசலை நோக்கி நின்றது! துத்தநாகக் கூரையில் மாலை மழை கொட்டத் தொடங்கினால் எந்த நுட்பமும் எடுபடாது. துல்லியம் என்பது அங்கே விளம்பரச் சொல்தான்.

இக்கருவிகளைத் தவணைமுறையில் வாங்கியதற்காகவே தோட்ட மக்கள் பெரிதும் பழிக்கப்பட்டனர். நாட்டில் 1967இல் தவணைக் கொள்முதல் சட்டமே இயற்றப்பட்டது என்பதிலிருந்து, கடன்பட்டு வாங்கும் பழக்கம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். பிள்ளைக்குப் புத்தகம் இல்லாத வீட்டில் பாட்டுப்பெட்டி ஏன் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதே மக்கள்தாம், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கை எட்டினர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கும் சங்கத்தை வளர்த்தனர். சேமிக்கத் தெரியாதவர் என்று அவர்களைக் கூறியது பிழை. வீடும் நிலமும் தமக்குரியன அல்லாத நிலையில், பெயரும்போது உடன் எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளில் அவர்கள் பணத்தை இட்டனர்.

உண்மையான இழப்பு பணத்தில் நிகழவில்லை. பெட்டி வருமுன் லயத்தில் பாட்டு இல்லாமலில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும், கங்காணியைப் பழித்துப் பாடிய எள்ளற்பாட்டும், கப்பலேறி வந்த கதைப்பாட்டும் வாய்வழி வாழ்ந்தன. திரைப்பாட்டு வந்ததும் அவை பின்கட்டுக்கு ஒதுங்கின. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியிராவிடில் எஞ்சியவையும் மறைந்திருக்கும். இதில் ஒரு முரண் உண்டு. இசைத்தட்டுப் பெட்டி பாட மட்டுமே வல்லது. வானொலி பேச மட்டுமே வல்லது. ஒலிநாடாக் கருவியோ கேட்கவும் வல்லது. அதன் முகப்பில் சிவப்புப் புள்ளியிட்ட பதிவு விசை ஒன்று இருந்தது. லயத்து மூதாட்டியரின் குரலைப் பிடித்துவைக்கும் கருவி, வரலாற்றில் முதன்முறையாக, அவர்கள் வீட்டு மேசைமீதே இருந்தது. அவ்விசை பெரும்பாலும் வானொலிப் பாட்டையும் நண்பனின் நாடாவையும் படியெடுக்கவே அழுத்தப்பட்டது. பள்ளிகளும் இதைத் தம் பணியாகக் கொள்ளவில்லை. செய்யுளுக்கு ஏங்கிய பாடத்திட்டத்தின் பக்கத்துக் கதவிலேயே செய்யுள் இருந்தும், அதற்குக் காது கொடுக்க ஆளில்லை.

பின்னர், பால்மரம் போய்ச் செம்பனை பரவியது. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயத்து மக்கள் அடுக்ககங்களுக்கும் பட்டணங்களுக்கும் பெயர்ந்தனர். அங்கே சுவர் கூரையைத் தொட்டது. காதுக்குள் செருகும் கருவியில் ஒருவர் கேட்பதை அடுத்தவர் அறிவதில்லை. 2005 முதல் மின்னல் எஃப்.எம். என்னும் பெயர் தாங்கிய அரசு தமிழ் ஒலிபரப்பு கைப்பேசியிலும் கேட்கிறது. பழைய பெட்டிகளின் ரப்பர் வார்கள் இற்றுவிட்டன. நாடாக்கள் பூஞ்சை பிடித்தன.

சிற்சில வீடுகளில், பிள்ளைகள் விளையாட்டாகவேனும் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிந்ததுண்டு. ஒலிநாடாவின் மேல்விளிம்பில் இரு சிறிய நெகிழித் துண்டுகள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் அந்நாடாவின்மேல் பிறிதொன்றைப் பதிய இயலாது. விலைக்கு விற்ற திரைப்பாட்டு நாடாக்கள் யாவும் அவ்வாறு உடைக்கப்பட்டே வந்தன. வீட்டில் பதிந்தவற்றை உடைக்க யாரும் நினைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் புதுப்படம் வந்ததும், அக்குரலின்மேல் அப்படத்தின் பாட்டு ஏறிற்று.