ஏடு தங்காத நகரம்

சித்திரைத் திங்களில் அலெக்சாந்திரியா செல்வோரை இரு காற்றுகள் எதிர்கொள்ளும். வடக்கே மத்தியதரைக் கடலிலிருந்து வருவது குளிர்ந்தது. தெற்கே பாலையிலிருந்து புழுதியை வாரி வருவது ‘கம்சீன்’. காப்திக் கிறித்தவரின் உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு மறுநாள், எகிப்தியர் சமய வேறுபாடின்றி ‘ஷம் எல் நசீம்’ கொண்டாடுவர். உப்பில் ஊறிய மீனும் வெங்காயமும் வண்ணந்தீட்டிய முட்டையுமாகக் குடும்பம் குடும்பமாய்க் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் திரள்வர். இளங்காற்றை முகர்தல் என்பது அப்பெயருக்கு வழங்கும் பொருள். ‘தென்றல்’ என்றெழுதவே தமிழன் கை துடிக்கும். அந்நகருக்கோ இதம் தருவது வாடையே.

அங்குச் செல்லும் இலக்கிய அன்பர் முதலில் கேட்பது பழைய நூலகம் எங்கே என்பதுதான். காட்டுவதற்கு ஒரு கல்லும் இல்லை. 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம் அதன் நினைவைத்தான் தாங்குகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தாலமி மன்னர்கள் வளர்த்த அந்நிலையத்தின் நூல்களை வகைப்படுத்திக் கலிமாக்கசு என்னும் கவிஞர் தொகுத்த பட்டியலே 120 சுருள்கள் கொண்டது என்பர். அப்பட்டியலும் போயிற்று. கி.மு. 48இல் சீசர் மூட்டிய தீயைப் பலரும் பழிப்பர். எனக்கோ, தீயைவிடப் புறக்கணிப்பும் ஈரமுமே பெரும் பகைவர் எனத் தோன்றுகிறது. கடலோர ஈரமண்ணில் பாப்பிரசு ஏடு மக்கிவிடும். உலக நூல்களையெல்லாம் திரட்டிய நகரின் மண்ணிலிருந்து ஏடுகள் கிடைப்பது மிக அரிது.

கிடைத்தவை வெளியே சென்றவை. உள்நாட்டு நகரான ஆக்சிரிங்கசின் குப்பைமேடுகளை 1896 முதல் கிரென்பெல், ஹண்ட் என்னும் இரு ஆங்கிலேயர் அகழ்ந்தனர். வறண்ட மணல் காத்துத் தந்த ஏடுகளுள் கலிமாக்கசின் கவிதைத் துணுக்குகளும் இருந்தன. யாரோ ஓர் உள்நாட்டு வாசகர் படியெடுத்து வைத்துப் பின் எறிந்த ஏடுகள் அவை! நம் முசிறித் துறைச் சரக்கை அலெக்சாந்திரியாவின் சுங்கப் பண்டகசாலையில் சேர்ப்பது குறித்த 2ஆம் நூற்றாண்டுக் கடன் முறி ஒன்றும் எகிப்திய ஏடுகளுள் தப்பி, இன்று வியன்னாவில் இருக்கிறது. அது 1985இல் பதிப்பிக்கப்பட்டது.

இதே நகரில் 1863 ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்தவர் கிரேக்க மொழிக் கவிஞர் கவாபி. நீர்ப்பாசனத் துறையில் ஏறத்தாழ முப்பதாண்டு எழுத்தராக இருந்தவர். தம் கவிதைகளை நூலாக்கி அவர் விற்பனைக்கு விடவில்லை. தனித்தனித் தாளாக அச்சிட்டு, கோத்துக் கட்டி, தாம் தேர்ந்த நண்பர்க்கு மட்டும் வழங்கினார். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்குப் பட்டியலும் வைத்திருந்தார். கொடுத்த பின்னும் மனம் அடங்காது. சொல்லைத் திருத்துவார், பழைய தாளுக்குப் புதிய தாள் தருவார். புகழை அஞ்சினார் என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை: வாசகரைத் தாமே தேர்ந்துகொண்ட கவிஞர் அவர். பத்தாண்டாய்க் கைப்படியும் தட்டச்சுப் படியும் பரிமாறிப் பழகிய நம் வட்டத்தாருக்கு அவ்வழக்கம் புதுமையன்று.

தொண்டைப் புற்றுநோயால் குரலிழந்த கவாபி 1933இல், தாம் பிறந்த அதே ஏப்ரல் 29இல் மறைந்தார். ஷாட்பியில் உள்ள கிரேக்கர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். ஈராண்டு கழித்து அலெக்சாந்திரியாவிலேயே அவருடைய 154 கவிதைகள் முதன்முறையாக ஒரே நூலில் வெளிவந்தன. அதற்குள் அவர் அளித்த தாள்களுட் சில கடல் கடந்து ஏதென்சுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.