ஆறு-ஏழா, ஏழு-ஆறா?

சிவகாசியில் சின்னதாக ஆப்செட் அச்சகம் வைத்திருக்கும் என் தம்பி மகன் போன வாரம் போன் செய்தான். கணக்கு எழுதப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறான். அதை நிறுவும்போது எந்த நாடு, தேதி எந்த வரிசை, தொகையை லட்சத்தில் காட்டவா மில்லியனில் காட்டவா என்று வரிசையாகக் கேள்வி கேட்டதாம். “எல்லாத்துக்கும் இருக்கிறபடியே இருக்கட்டும்னு அமுக்கிட்டேன் பெரியப்பா. பரவாயில்லைல்ல?” என்றான்.

“பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், அதுவரை ஒரு பில்லும் போடாதே” என்றேன். கிழவனுக்கு இதில் என்ன இவ்வளவு பிடிவாதம் என்று நினைத்திருப்பான். அதற்குக் காரணம் இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

2004ஆம் வருடம். நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஒரு நாள் காலையில் திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய கணவர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஜூலை 6ஆம் தேதி காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டு அந்த அம்மா மனுக் கொடுத்திருந்தார். பதிலாக அவருக்குப் போன கடிதத்தில், கணவர் ஜூன் 7ஆம் தேதி இறந்துவிட்டதாகவும், ஜூன் மாத ஓய்வூதியத்தில் 23 நாளுக்கு அதிகமாகக் கொடுத்த தொகை பிடித்தம் செய்யப்படும் என்றும் இருந்தது.

தொகை பெரிதல்ல. முழு ஓய்வூதியத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் அந்த அம்மாவுக்குப் பணம் பிரச்சினையாக இல்லை. கடிதத்தை மேஜையில் வைத்து, “ஜூன் மாசப் பென்சனை அவுக கையாலதான சார் வாங்குனாக. செத்த பெறகு வந்தா வாங்குனாக?” என்று கேட்டார். செத்துப்போனவர் பெயரில் குடும்பமே சேர்ந்து பணம் வாங்கியதாக அந்தக் கடிதம் சொல்லிவிட்டது என்பதுதான் அவருக்கு வலி.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழில் 06-07-2004 என்று சரியாக இருந்தது. தட்டச்சு செய்த பையனும் 06-07-2004 என்றுதான் அடித்திருந்தான். திரையிலும் அதுவேதான் தெரிந்தது. பிறகு தப்பு எங்கே நடந்தது?

எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்து, அங்கிருந்து நாட்களை எண்ணி ஒரே ஒரு எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அதற்கு 17394. 2004 ஜூலை 6 என்றால் 38174. நாம் அடிப்பதை எப்படிப் படிக்க வேண்டும், திரும்ப நமக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்குக் கண்ட்ரோல் பேனலில் உள்ள வட்டார அமைப்பைத்தான் அது பார்க்கும். எங்கள் கம்ப்யூட்டரில் அது அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தது. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பிறகு. ஆகவே பையன் ஜூலை 6 என்று நினைத்து அடித்ததை அது ஜூன் 7 என்று படித்து 38145 என்று எழுதிவைத்துக்கொண்டது. இரண்டுக்கும் 29 நாள் வித்தியாசம். திரையில் 06-07 என்றே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதத்தை எழுத்தில் போட்டுக் கடிதம் அச்சானபோதுதான் ஜூன் என்று வந்தது. அதைப் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டோம்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 13ஆம் தேதிக்கு மேற்பட்ட நாட்கள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. 12ஆம் தேதி வரை உள்ளவை வலது ஓரத்தில். பதின்மூன்றாவது மாதம் கிடையாது அல்லவா? 13-07 என்று அடித்தால் அது தேதியே அல்ல, வெறும் எழுத்து என்று இடது பக்கம் ஒதுக்கிவிடும். 12 வரை உள்ள நாட்களை மட்டும் சந்தடியில்லாமல் மாற்றிவிடும்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 மாதம், மாதத்துக்கு 12 நாள் என்றால் 144. நம் ஊர்த் தீப்பெட்டிக்காரர்கள் கணக்கில் சரியாக ஒரு குரோஸ். அதில் 1-1, 2-2 போன்ற 12 நாட்களுக்கு எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132 நாள். வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடம் மாறக்கூடிய நாட்கள்!

அமைப்பை இந்திய ஆங்கிலம் என்று மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. அது இனி அடிப்பதற்குத்தான் உதவும். தப்பாகச் சேர்த்துவைத்த 38145 அப்படியே இருக்கும். காட்டுகிற விதம் மட்டும் 07-06 என்று மாறும். ஆகவே 12ஆம் தேதிக்கு உட்பட்ட அத்தனை பதிவையும் மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திரும்ப அடித்தோம். நாலு நாள் ஆனது.

இதில் எனக்கு வெட்கமாக இருந்தது என்னவென்றால், இந்தக் குழப்பத்துக்கு நம் முன்னோர் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். “1923ம் ௵ ஏப்ரல் ௴ 12 ௳” என்று எழுதியிருப்பார்கள். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். எண்ணுக்குப் பக்கத்திலேயே அது என்ன எண் என்ற அடையாளம் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு மாதத்தைப் பெயரால் எழுதிவிடுவார்கள். தொகைக்கு ௹, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. விருதுநகர் மண்டிகளின் பழைய பேரேடுகளிலும் இவற்றைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குறிகள் எல்லாம் 2003இல் வந்த யூனிகோடு நாலாம் பதிப்பில் சேர்ந்து, இன்று கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. வருடம், மாதம், நாள் என்ற அதே வரிசையைத்தான் 1988இல் சர்வதேசத் தர அமைப்பும் ஐஎஸ்ஓ 8601 என்ற எண்ணில் பொது முறையாக அறிவித்தது.

எங்கள் மேஜையில் ஆண்டு என்பதே ஒன்றல்ல. சம்பளமும் செலவும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கிராமக் கணக்கு பசலியில், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அரசாணையின் தலைப்பில் திருவள்ளுவர் ஆண்டு. அதற்கு ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்ட வேண்டும். மத்திய அரசிதழில் சக ஆண்டு; அது 1957 மார்ச் 22இல் சைத்ரம் 1, 1879 என்று நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு இருந்தும் ஜமாபந்தியில் யாரும் குழம்பியதாக எனக்கு நினைவில்லை. எண்ணுக்கு முன்னால் பசலி என்ற சொல்லை எழுதாத கணக்குப்பிள்ளை கிடையாது.

அதே 1957இல் ஏப்ரல் 1ஆம் தேதி தசம நாணயம் வந்தது. 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி என்றிருந்த ரூபாய் 100 பைசா ஆனது. ஓரணாவுக்கு 6 பைசா, நாலணாவுக்கு 25. ஓரணாவாக நாலு தடவை கொடுத்தால் 24தான் ஆகும். அந்த ஒரு பைசாவுக்குக் கடைகளில் நடந்த வாக்குவாதத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. புதுக் காசுக்கு ‘நயா பைசா’ என்று பெயர் வைத்தது. பழைய பைசாவா புதுப் பைசாவா என்ற கேள்விக்குப் பெயரிலேயே பதில் இருந்தது. பழைய காசு பழக்கத்திலிருந்து போன பிறகு, 1964 ஜூன் 1இல் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள்.

நானும் ஒரு சமயம் இந்தத் தப்பைச் செய்தவன்தான். காரைக்காலில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இருப்புப் பட்டியலில், பன்னிரண்டு கிலோ ஐந்நூறு கிராம் சர்க்கரையை 12,500 கிலோ என்று எழுதிவிட்டேன். தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “தம்பி, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோவை எங்கே அடுக்கி வெச்சிருக்கீங்க?” என்றார். அன்று முதல் கமா போடும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கும்.

கமாவிலும் ஊருக்கு ஒரு வழக்கம். நாம் 12,50,000 என்று எழுதிப் பன்னிரண்டரை லட்சம் என்று படிக்கிறோம். அதே தொகை 1,250,000 என்று வந்தால் நம் கண் தடுமாறும். இலங்கைத் தமிழர்களோ மில்லியன் ரூபா என்று எழுதுவார்கள். பைசாவுக்குப் பதில் அவர்களுக்குச் சதம். டேலி மென்பொருளில் நிறுவனத்தைப் பதிவு செய்யும்போது தொகையை மில்லியனில் காட்டவா, தசமத்துக்குப் பிந்திய பகுதியை என்ன பெயரால் எழுத என்றெல்லாம் கேட்பது இதற்காகத்தான். தம்பி மகன் அமுக்கித் தள்ளிய கேள்விகளும் இந்த வகைதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆடிப்பெருக்குக்கு வெளியிட வேண்டிய காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்தது. அச்சாகிக் கிடந்த தினசரித் தாள் ஒன்றை எடுத்து அவனிடமே காட்டினேன். ஒரே நாளுக்கு ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமியத் தேதி மூன்றும் இருந்தன. மாதத்தின் பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்தில் இருந்தது. “இதைத்தானே தினமும் அச்சடிக்கிறாய். உன் பில்லிலும் இப்படி மாதத்தை எழுத்தில் போடு” என்றேன்.

நாடு இந்தியா, தேதியில் நாள் முதலில், மாதம் எழுத்தில், தொகை லட்சத்தில் என்று மாற்றினோம். பத்து நிமிட வேலை.

அந்த அம்மாவுக்குத் திருத்திய ஆணை வர நாற்பது நாள் ஆனது. பிடித்தம் ரத்து. இறந்த நாள் 2004 ஜூலை 6 என்று அதில் எழுத்தில் இருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி இருக்கும் வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.